பத்துப் பை கல்லும் ஒரு சின்ன வண்டியும்

மழை வந்தால் ஊரே போர்வையைத் தேடும்; வீட்டு வடிகால் போடுகிறவன் மட்டும் செருப்பைத் தேடுவான். நான் பதினோரு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். தரைவீடுகளின் பின்பக்கத்தில் தண்ணீர் தேங்கினால் பள்ளம் வெட்டி, துணி விரித்து, ஓட்டை போட்ட குழாயைப் படுக்கவைத்து, மேலே ஜல்லியைக் கொட்டி, அந்தத் தண்ணீரைத் தெரு லோங்காங்கில் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. லோங்காங் என்றால் சாக்கடை என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்லிவைத்தேன்.

வாடிக்கையாளர் என்ற பிறவியிடம் வாழ்க்கையில் ஒரு தடவையாவது மாட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் என் சொந்தக்காரர்கள்தான். நீங்கள் பிளவுஸ் தைப்பவராக இருக்கலாம், ஏர்கான் கழுவுகிறவராக இருக்கலாம். என் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நான் உட்கார மாட்டேன், அவ்வளவுதான். உட்கார்ந்தால் எனக்குக் கால் ஆடும்.

ஒன்பதாவது மாடி

நான் இருப்பது ஆங் மோ கியோவில், ஒன்பதாவது மாடியில். எனக்கென்று சொந்தமாக ஒரு பிடி மண் கிடையாது, பூந்தொட்டியில் இருப்பதைத் தவிர. ஆனாலும் கைபேசியில் மழைப் படம் காட்டும் செயலியை ஒரு நாளைக்கு எத்தனை முறை திறக்கிறேன் என்று எனக்கே தெரியாது. பச்சைத் திட்டு மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பானால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவேன். சிவப்புத் திட்டு எந்த வட்டாரத்தின் மேல் நிற்கிறது, அங்கே நான் எந்த வீட்டில் குழாய் போட்டேன், அந்தக் குழாய்க்குச் சரிவு போதுமா என்று மனசு வரிசையாக ஓடும்.

போன டிசம்பரில் என் மனைவி தேவியின் சித்தி மகளுக்குச் சிராங்கூன் ரோட்டுக் கோயிலில் கல்யாணம். மாங்கல்யத்தைத் தட்டில் வைத்துச் சுற்றிவரும் நேரத்தில் வெளியே இடி இடித்தது. நான் அட்சதையைப் பக்கத்தில் இருந்தவர் கையில் கொட்டிவிட்டு வாசலுக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது முடிச்சுப் போட்டாகிவிட்டது, போட்டோவும் எடுத்தாகிவிட்டது. தேவி காரில் ஏறியதும் சொன்னாள்: "ஒன்பதாவது மாடியில இருந்துகிட்டு ஊர்த் தண்ணியெல்லாம் உங்க தலைக்குள்ளதான் ஓடுது. ஒரு தாலி கட்டறத முழுசா நின்னு பாக்க முடியல உங்களால."

ஈசான்ய மூலை

சிவராமன் சார் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தாம்சன் ரோட்டுப் பக்கம் வீடு. பின்பக்கம் முழுக்கப் பழைய சிமெண்டுப் பலகைக் கல் பதித்திருந்தது. அது அங்கங்கே அமிழ்ந்து போய் ஒவ்வொரு பள்ளத்திலும் தண்ணீர். கல்லைப் பெயர்த்துவிட்டுத் தரையைச் சரித்து, குழாய் போட்டுவிடலாம் என்றேன். சரி என்றார். தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று கேட்டார். தென்மேற்கில்தான் லோங்காங் இருக்கிறது, அந்தப் பக்கம் போகும் என்றேன். மனிதர் முகம் வாடிவிட்டது. தண்ணீர் வடகிழக்கில்தான் வெளியேற வேண்டும், ஈசான்ய மூலையை விட்டால் வீட்டில் எதுவும் தங்காது என்றார். லோங்காங்கை நான் இடம் மாற்ற முடியாது சார், அது அரசாங்கத்துடையது என்று இரண்டு நாள் வாதாடினேன்.

கடைசியில் இருவரும் ஒரு வழிக்கு வந்தோம். தரை வடகிழக்காகச் சரியும். அந்த மூலையில் ஜல்லி நிரப்பிய குழிக்குள் தண்ணீர் இறங்கும். குழிக்குள் போன தண்ணீர் அடியில் குழாய் வழியாகத் திரும்பி, யாருக்கும் தெரியாமல் தென்மேற்குக்கு நடையைக் கட்டும். அதோடு விட்டாரா? பெயர்த்தெடுத்த கற்களில் உடையாமல் நின்றவை பன்னிரண்டு. மூன்றடிக்கு இரண்டடி, தூக்க இரண்டு ஆள் வேண்டும். அவற்றைக் குப்பைக்கு அனுப்பவும் விடவில்லை, வீட்டுக்கல் வீட்டை விட்டுப் போகக்கூடாதாம். பக்கச் சுவரோரம் அடுக்கி, மேலே கித்தான் போட்டு மூடினார். குழாயைப் பற்றி அவருக்கு மனசு உறுத்துமோ என்று பார்த்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "மேல வாஸ்து, அடியில உன் இஷ்டம். பூமிக்கு அடியில யாரும் வந்து பாக்கப் போறதில்ல, சேகர்."

சரிவு

இது சின்னது, ஆனால் சொல்லாமல் விட மனசில்லை. காத்தோங்கில் ஓர் அம்மா, பள்ளிக்கூட ஆசிரியை, என்னைப் பின்பக்கத்துக்கு அழைத்துப் போய்க் குரலைத் தாழ்த்தினார். குழாய், ஜல்லி ஒன்றும் வேண்டாமாம். தரையைப் பக்கத்து வீட்டு வேலிப் பக்கம் கொஞ்சமாகச் சரித்துவிட்டால் போதுமாம். அப்படிச் செய்தால் பக்கத்து வீட்டில் குளம் கட்டும், சண்டை வரும், அப்புறம் அவர்களும் என்னையே கூப்பிடுவார்கள் என்று எடுத்துச் சொன்னேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை: "கூப்பிட்டா போங்க தம்பி. அவங்க மாமரம் மட்டும் எங்க பக்கம் சரியலாமா?"

சின்ன வண்டி

இப்போது சொல்லப்போவதுதான் என் தூக்கத்தைக் கெடுத்த வீடு. சிராங்கூன் கார்டன் பக்கம் ஒரு பழைய வரிசை வீடு. ஹமீதாம்மா கூப்பிட்டிருந்தார். அறுபது வயதிருக்கும், கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகன். பின்பக்கம் மழை பெய்தால் கணுக்கால் அளவு தண்ணீர், இரண்டு நாளைக்கு வடியாது. நான் போன இரண்டு தடவையும் மகன் வீட்டில் இல்லை. வருகிற மாதம் முதல் திங்கட்கிழமை அவனுக்குப் புது வேலை தொடங்குகிறது, அதற்குள் முடித்துவிட வேண்டும் என்றார். ரொம்ப நாள் கழித்துக் கிடைத்த வேலையாம். ஆபீஸ் வேன் பின்சந்துக்கு வந்து அவனை ஏற்றிக்கொள்ளும், வீட்டு முன்பக்கம் வண்டி நிறுத்த இடம் இல்லை.

எனக்கு அது போதவில்லை. தரை எதைத் தாங்க வேண்டும் என்று கேட்டேன், அது என் வழக்கமான கேள்வி. வண்டி போகணும், அதுதான் முக்கியம் என்றார். பெரிய வண்டியா என்றேன். இல்லை, சின்ன வண்டி, அவனே ஓட்டிக்கொள்வான், ஆளோடு சேர்த்து நூறு கிலோகூட வராது என்றார். சமையலறை வாசலில் புதிதாக ஒரு மரச் சரிவுப் பலகை வைத்திருந்தது. ஓஹோ, பையன் மின்சார ஸ்கூட்டர் வைத்திருக்கிறான், ராத்திரி உள்ளே ஏற்றி வைப்பதற்குப் பலகை என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். ஆபீஸ் வேன் ஏற்றிக்கொள்கிறவனுக்கு ஸ்கூட்டர் எதற்கு என்று கேட்கத் தோன்றவில்லை. வானம் கறுத்துக்கொண்டு வந்தது, எனக்கு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். அவர் வாசல்வரை வந்து இன்னொரு தடவை சொன்னார்: "மத்தது எப்படி இருந்தாலும் பரவால்ல தம்பி. வண்டி மட்டும் நிக்காம போகணும்."

பத்து

அந்த வீட்டுக்கு என் திட்டப்படி மூன்று பை ஜல்லி போதும். பை என்றால் மளிகைக்கடைப் பை இல்லை, ஒரு டன் பிடிக்கிற சாக்கு, கிரேன் வைத்த லாரியில் வரும். கிராஞ்சிப் பக்கம் லிம் அங்கிளின் கல் கிடங்கில்தான் வாங்குவேன். என் ஆள் முருகேசனுக்கு ஊர் அறந்தாங்கி. நாலு வருடமாக என்னோடு இருக்கிறார், வேலையில் புலி, மலாயில் மட்டும் பூஜ்யம். லிம் அங்கிளோ மலாயும் ஆங்கிலமும் கலந்து பேசுவார். இத்தனை வருடம் நம் ஆட்களோடு பழகியதில் தமிழில் ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணவும் தெரியும். இதில் என்ன ஆபத்து என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

லிம் அங்கிள் போன் செய்தபோது நான் குழிக்குள் நின்றேன், கையெல்லாம் சேறு. முருகேசனை எடுக்கச் சொன்னேன். லிம் அங்கிள் "பத்து?" என்று கேட்டிருக்கிறார். மலாயில் பாத்து என்றால் கல். அவர் அவசரத்தில் பேசினால் பத்து என்றுதான் காதில் விழும். கல்தானே வேண்டும் என்று கேட்கிறார். முருகேசன், முதலாளி பத்துப் பை சொல்லியிருப்பார் போலிருக்கிறது, அதைத்தான் நம் தமிழில் சரிபார்க்கிறார் என்று எண்ணி, பத்து, பத்து என்று தலையாட்டியிருக்கிறார். சரி, கல்தான் என்று அங்கிள் எழுதிக்கொண்டு, எத்தனை என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். எத்தனை முறைதான் சொல்வது என்ற எரிச்சலில் முருகேசன் மறுபடியும் பத்து என்றிருக்கிறார். இந்தப் பத்தைத் தமிழ்ப் பத்தாகவே எடுத்துக்கொண்டார் அங்கிள். மறுநாள் காலை பின்சந்தில் பத்து யானை படுத்திருந்த மாதிரி பத்துப் பை. சந்தில் ஒரு சைக்கிள் நுழைய இடமில்லை. நான் போனில் கத்தினேன். லிம் அங்கிள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "யுவர் ஆள் டூ டைம்ஸ் பத்து சொன்னான்லா. நான் டுவென்டி அனுப்பல, நீ ஹாப்பியா இரு."

அரை அடி

கிரேன் லாரி திரும்பி வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். சந்தை அதுவரை அடைத்து வைத்தால் அக்கம்பக்கம் சும்மா விடாது. அப்போதுதான் எனக்கு அந்த மகா யோசனை தோன்றியது. பள்ளத்துக்கு மட்டும் ஜல்லி என்பதை மாற்றி, தரை முழுக்க அரை அடி கனத்துக்குப் பரப்பிவிட்டால்? தண்ணீர் நிற்க இடமே இருக்காது. ஸ்கூட்டர் என்ன, லாரியே போகும். ஹமீதாம்மாவுக்குப் போன் போட்டு, கூடுதல் செலவு இல்லாமல் தரை முழுக்கக் கல் போட்டுத் தருகிறேன் என்றேன். தூசி ஆகாது என்று அவரும் மகனும் அந்த வாரம் தெம்பனீஸில் தங்கை வீட்டில் இருந்தார்கள். உங்களுக்குத் தெரியாததா தம்பி என்றார். நமக்குத் தெரியாதது இருக்கிறது என்று நாம் எப்போது ஒப்புக்கொண்டிருக்கிறோம்?

வெள்ளிக்கிழமை முடித்தோம். சாயங்காலம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. நானும் முருகேசனும் சமையலறைக் கூரைக்குக் கீழே நின்று பார்த்தோம். விழுந்த தண்ணீர் விழுந்த இடத்திலேயே மறைந்தது. ஒரு சொட்டு மேலே நிற்கவில்லை. பதினோரு வருடத்தில் இவ்வளவு அழகான வடிகாலை நான் போட்டதில்லை. அதைச் சொல்ல எனக்கு வெட்கமும் இல்லை. முருகேசன் கல்லின் மேல் நாலு எட்டு நடந்து பார்த்தார். செருப்பு புதைந்தது. இழுத்து எடுத்துக்கொண்டே சொன்னார்: "நடக்கத்தாண்ணே கொஞ்சம் கஷ்டம். தண்ணிக்கு ரொம்ப வசதி."

சனிக்கிழமை மாலை

சாவியைத் திருப்பிக் கொடுக்கவும், உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பாராட்டு வாங்கவும், சனிக்கிழமை ஐந்து மணிக்குப் போனேன். மகன் வந்திருக்கிறான், இதோ வருகிறான் என்றார் ஹமீதாம்மா. சமையலறைக் கதவு திறந்தது. இருபத்தொன்பது வயதுப் பையன், பெயர் நசீர், அகலமான தோள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். இரண்டு வருடம் முன்னால் மோட்டார் சைக்கிளில் விபத்து. அந்த நாற்காலிக்கு வீட்டில் வேறு பெயர் சொல்வதில்லை. வண்டி. அம்மாவின் வாயில் அந்த இன்னொரு சொல் வரவே வராது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அந்த நிமிடத்தில் என் கண் அந்த மரப் பலகைக்குப் போனது.

நசீர் பலகையில் இறங்கி வந்தான். முன்னால் இருக்கிற சின்னச் சக்கரம் இரண்டும் கல்லைத் தொட்டதும் அப்படியே புதைந்தன. கையால் தள்ளினான். பெரிய சக்கரமும் சுழன்று இறங்கியது. நானும் ஹமீதாம்மாவும் பின்னாலிருந்து பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று. முன்வாசலில் நாலு படி. சிகிச்சைக்குப் போகும் நாட்களில் இரண்டு பேர் நாற்காலியோடு அவனைத் தூக்கி இறக்குவார்களாம். வேலைக்கு அப்படித் தூக்கிக்கொண்டு போக விடமாட்டேன், நானேதான் போவேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறான். பின்வழியைக் கேட்டதே அதற்குத்தான். எத்தனையோ இடத்தில் நேர்முகத்துக்குப் போய், படியைப் பார்த்தே திரும்பி வந்தவனுக்குக் கிடைத்த வேலை இது. திங்கள் காலை ஏழரைக்கு வேன்.

ஹமீதாம்மா, ஒரு மாதம் தள்ளிப்போட்டால் என்னப்பா, கேட்டுப் பார்க்கலாமே என்றார். அவர் முகத்தில் வருத்தத்தோடு கொஞ்சம் நிம்மதியும் இருந்தது. அவன் தனியாக வெளியே போவதை நினைத்து அந்தம்மா எத்தனை நாள் பயந்திருந்தாரோ. அதை நான் பார்த்தேன், நசீரும் பார்த்தான். எனக்கு மழையில் நனைந்தபடி ஓடிவிடலாம் போலிருந்தது, ஆனால் அன்றைக்குப் பார்த்து மழையும் இல்லை. அவன் சக்கரத்தில் ஒட்டியிருந்த கல்லை விரலால் தட்டிவிட்டு என்னைப் பார்த்தான்: "தண்ணிய சூப்பரா போக வச்சிட்டீங்கண்ணா. என்னைய எப்ப போக வைப்பீங்க?"

பாதி முடி

மறுநாள் காலை. அந்த வண்டி உருளப் பலகைக் கல்தான் பதிக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை அது விற்கும் கடை ஒன்றும் திறந்திருக்காது. தெரிந்தவர்கள் எல்லோருக்கும் போன் போட்டேன். ஒருவர் கடல் தாண்டிப் பாத்தாம் தீவில் இருந்தார், ஒருவர் எடுக்கவில்லை, ஒருவர் புதன்கிழமை தருகிறேன் என்றார். தேவி தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படிக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டிருந்தேன். நாலாவது நடையில் தோசைக்கரண்டியை என் முன்னால் நீட்டி நிறுத்தி, அந்த வாஸ்து சார் வீட்டில் கல் இருக்கிறது என்றீர்களே, அது எங்கே போனது என்று கேட்டாள். பன்னிரண்டு கல். கித்தான் போட்டு மூடிய பன்னிரண்டு கல். தோசையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அதற்கும் ஒரு நாள் எனக்கு இருக்கிறது.

முருகேசனுக்கு ஞாயிறு விடுமுறை. கிராஞ்சி விடுதியிலிருந்து, நம் ஆட்கள் கூடும் தேக்கா கடைத்தெருவுக்கு வந்துவிடுவார். அன்றைக்கு அங்கே தலை மேல் தலையாக இருந்தது. பஃபலோ ரோட்டில் ஒரு முடிவெட்டும் கடையில் அவரைக் கண்டுபிடித்தேன். வலது பக்கம் ஒட்ட வெட்டியாகிவிட்டது, இடது பக்கம் காடு. நான் மூச்சு விடாமல் விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பத்து என்று சொன்னது தன் வாய்தானே என்பது அவர் முகத்தில் தெரிந்தது. இன்றைக்கு வரவேண்டியதில்லை, வந்தால் உதவி, இன்னொரு நாள் விடுப்பு எடுத்துக்கொள்ளலாம் என்றேன். அவர் துண்டை உதறினார்: "இப்பவே கிளம்பணுமா, இல்ல இந்தப் பக்கமும் மனுசனா ஆயிட்டு வரலாமாண்ணே?"

எமகண்டம்

பன்னிரண்டு ஐந்துக்குச் சிவராமன் சார் வீட்டு வாசலில் நின்றேன். முருகேசன் இரண்டு பக்கமும் மனிதனாகி வந்திருந்தார். கேட்டைப் பிடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வண்டி என்று கேட்டதையும், ஸ்கூட்டர் என்று நினைத்ததையும்கூட மறைக்கவில்லை. வீட்டுக்கல் வெளியே போகக்கூடாது என்று என்னிடம் அத்தனை பேசிய மனிதர். என்ன சொல்வாரோ என்று கேட்டை விடாமல் நின்றேன். அவர் உள்ளே போய்ச் சுவர்க் காலண்டரைப் பார்த்துவிட்டு வந்தார். கல்லை எடுத்துக்கொள், ஆனால் இப்போது எமகண்டம், ஒன்றரைக்கு மேல்தான் என்றார்.

ஒன்றே கால் மணி நேரத்துக்கும் மேல். வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததே இல்லை. வடக்கே வானம் கறுத்தது. செயலியில் பச்சை மஞ்சளாகிக்கொண்டிருந்தது. சார் சாப்பிடக் கூப்பிட்டார். முருகேசன் நிதானமாக உட்கார்ந்து ரசம்வரை சாப்பிட்டார். நான் நின்றபடியே சாதத்தைப் பிசைந்துகொண்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று முப்பத்தொன்றுக்குச் சார் தானே வந்து கித்தானை விலக்கினார். ஒவ்வொரு கல்லும் லாரியில் ஏறும்போது எண்ணினார். பன்னிரண்டாவது ஏறியதும் பையன் நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்புகிறான் என்று கேட்டார். ஏழரைக்கு என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார்: "திங்கக்கிழமை ஏழரைக்கு ராகு காலம் ஆரம்பம். ஏழு இருபத்தஞ்சுக்கே வீட்டை விட்டுக் கிளம்பிடச் சொல்லு. நான் சொன்னேன்னு சொல்லு."

இரண்டடி

பலகையிலிருந்து பின் கேட்வரை இருபத்தாறு அடி. மூன்றடி அகலத்துக்கு ஜல்லியை வாரி ஒதுக்கி, லாரியில் கிடந்த கல்தூளைக் கொட்டி இடித்து, மேலே ஒவ்வொரு கல்லாகப் படுக்கவைத்தோம். மூன்றாவது கல்லின்போது மழை பிடித்தது. நிறுத்தவில்லை. நசீர் சமையலறை வாசலில் இருந்தபடி நீர்மட்டக் குழலை எடுத்துக்கொடுப்பான், கொஞ்சம் இடது பக்கம் ஏறியிருக்கிறது என்பான். கண் அவனுக்கு நல்ல கண். ஹமீதாம்மா இஞ்சி தட்டிப்போட்டு நாலு தடவை டீ கொடுத்தார். சிவராமன் சார் சொன்ன சேதியை அவரிடம் சொன்னேன். நமக்கு ராகு காலம் ஏது தம்பி என்று சிரித்தவர், கல் கொடுத்த மனிதர் சொல்கிறாரே என்று முணுமுணுத்துக்கொண்டு உள்ளே போனார். கடிகார அலாரத்தை மாற்றினார் என்று நினைக்கிறேன்.

ஆறரைக்குப் பன்னிரண்டாவது கல்லை வைத்து நிமிர்ந்தால் கேட்டுக்கு இன்னும் இரண்டடி பாக்கி. பன்னிரண்டை இரண்டால் பெருக்கினால் இருபத்திநாலு என்பது காலையிலேயே தெரிந்திருக்க வேண்டும். தலையில் கை வைத்து உட்கார்ந்தேன், அன்றைக்குத்தான் முதல் தடவையாக உட்கார்ந்தேன். முருகேசன் அந்த இரண்டடி ஜல்லியில் மிச்சக் கல்தூளைக் கலந்து, தன் ஆத்திரமெல்லாம் தீர இடித்து இறுக்கினார். நசீர் கல்மேல் உருட்டிக்கொண்டு வந்தான். கடைசிக் கல்லில் நின்றான், உடம்பைப் பின்னால் சாய்த்தான், சின்னச் சக்கரங்கள் இரண்டும் மேலே எழும்பின. பெரிய சக்கரத்திலேயே நறநறவென்று அந்த இரண்டடியைத் தாண்டிக் கேட்டைத் தொட்டான். ஹமீதாம்மா வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த வாரம் வந்து இதற்கும் ஒரு கல் போட்டுவிடுகிறேன் என்றேன். அவன் வண்டியைத் திருப்பி, அம்மாவைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "வேணாம்ணா, இது இப்படியே இருக்கட்டும். சாயந்திரம் இந்தச் சத்தம் கேட்டா, நான் வந்துட்டேன்னு உம்மாக்குத் தெரியும்."

ஏழு இருபத்தைந்து

திங்கள் விடியலில் மறுபடியும் மழை. வேலை முடிந்துவிட்டது, போக வேண்டிய அவசியமே இல்லை. ஏழேகாலுக்குப் பின்சந்தில் என் லாரி நின்றது. கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். கல்மேல் தண்ணீர் இல்லை. இரண்டு பக்கமும் ஜல்லி அத்தனையையும் குடித்துவிட்டது. மழை தூறலாகியிருந்தது. ஏழு இருபத்தைந்துக்குச் சமையலறைக் கதவு திறந்தது. நசீர் இஸ்திரி போட்ட சட்டையில், மடியில் பையோடு வந்தான். ஹமீதாம்மா கதவருகே நின்றுவிட்டார். ஓர் அடி முன்னால் வந்தார், மறுபடியும் பின்னால் போனார், கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். கல், கல், கல். அப்புறம் அந்த நறநற.

கேட்டின் தாழ்ப்பாள் மழைக்கு இறுகியிருந்தது. அவன் ஒரு தடவை இழுத்தான், வரவில்லை. நான் லாரியிலிருந்து குதித்து ஓடினேன். கால் அப்படித்தான், கேட்காமல் ஓடும். வெளிப்பக்கமிருந்து தாழ்ப்பாளில் கை வைத்தேன். கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து நசீர் என்னைப் பார்த்தான், பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தான்: "கையை எடுங்கண்ணா. ராகு காலத்துக்கு இன்னும் நாலு நிமிசம் இருக்கு, நானே தொறந்துக்கறேன்."

ஊர்த் தண்ணீருக்கெல்லாம் வழி சொல்லுகிற எனக்கு, என்ன வண்டி என்று ஒரு வார்த்தை கேட்கக் கற்றுக்கொள்ளப் பத்து டன் கல் செலவாகியிருக்கிறது.